நடுகல் படமெடுக்கும் அப்பாவுக்குப் பழைய கையடக்கக் கேமரா போதுமா?

அரூரிலிருந்து கேட்டிருக்கிறீர்கள். ஓய்வுபெற்ற உங்கள் அப்பா சுற்றுவட்டார ஊர்களுக்குப் போய் நடுகற்களைப் படமெடுத்து வருகிறார். போனில் எடுத்தால் கை நடுங்கிப் படம் கலங்குகிறது, வெயிலில் திரை தெரிவதில்லை, காய்ந்த விரலுக்குத் தொடுதிரை சரியாகப் பணிவதில்லை. பெங்களூரில் உள்ள உறவினர் ஒருவர் தாம் வைத்திருந்த கையடக்க டிஜிட்டல் கேமராவை 6,500 ரூபாய்க்குத் தருகிறேன் என்கிறார். 16 மெகாபிக்சல், 8 மடங்கு ஸூம். "என் போனிலேயே 50 மெகாபிக்சல் இருக்கிறது, 16 குறைவில்லையா?" என்று கேள்வியை முடித்திருக்கிறீர்கள். கேட்டது மெகாபிக்சலைப் பற்றித்தான். ஆனால் உங்கள் மனத்தில் இருப்பது வேறு கேள்வி என்று படுகிறது: இந்தக் கேமரா அப்பாவின் கையில் நின்று, கல்லில் உள்ள எழுத்தைப் படிக்கும்படி எடுத்துத் தருமா? அதற்கே பதில் சொல்கிறேன்.

கிருஷ்ணகிரியில் 25 ஆண்டுகளுக்கு மேல் ஸ்டுடியோ நடத்தியவன் நான். பிலிம் காலத்தில் தொடங்கி, டிஜிட்டல் வந்த பிறகு கேமரா விற்பனையும் சிறு பழுதுபார்ப்பும் செய்தேன். லென்ஸ் குழல், பாட்டரி மூடி, பொத்தான் போன்றவற்றை நானே கழற்றிச் சரிசெய்வேன். மின்னணுப் பலகை கெட்டால் பெங்களூருக்கு அனுப்பிவிடுவேன். ஆகவே லென்ஸ், வெளிச்சம், கை ஆகிய மூன்றைப் பற்றியும் உறுதியாகச் சொல்ல முடியும். ஒரு பழைய கேமராவின் பலகை இன்னும் எத்தனை ஆண்டு உழைக்கும் என்பதை வெளியிலிருந்து பார்த்து எவராலும் சொல்ல முடியாது. நீங்கள் கொடுக்கும் விலையில் அந்த அபாயமும் அடங்கியிருக்கிறது.

முதலில் மெகாபிக்சல் கவலையைத் தீர்த்துவிடலாம். 6-க்கு 4 அங்குலப் பிரிண்டைத் தெளிவாகப் போட, அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற கணக்கில், சுமார் 22 லட்சம் புள்ளிகள் போதும். முழு ஏ4 தாளுக்குச் சுமார் 87 லட்சம். 16 மெகாபிக்சல் என்பது 1 கோடியே 60 லட்சம். நடுகல் படத்தைத் தாளில் போடவும், கணினியில் பெரிதாக்கி எழுத்தெழுத்தாகப் பார்க்கவும் இது தாராளம். 2008 வாக்கில் மாந்தோப்பு வைத்திருந்த ஒருவருக்கு, "இதில் மெகாபிக்சல் அதிகம்" என்று சொல்லி ஒரு கேமராவை நான் விற்றேன். மண்டபத்துக்குள் எடுத்த குடும்பப் படங்களோடு ஒரு மாதத்தில் திரும்பி வந்தார். முகமெல்லாம் மணல் தூவியது போல் புள்ளி புள்ளியாக இருந்தது. அவர் கோபப்படவில்லை. எனக்குத்தான் அது இன்றுவரை உறுத்துகிறது. அன்றிலிருந்து பெட்டியின் மேல் அச்சிட்ட அந்த எண்ணைச் சொல்லி நான் எதையும் விற்றதில்லை.

பார்க்க வேண்டியது சென்சாரின், அதாவது லென்ஸ் வழியே வரும் ஒளியைப் படமாக மாற்றும் சில்லின், பரப்பளவு. நீங்கள் கேமராவின் மாடலைச் சொல்லவில்லை. 16 மெகாபிக்சலும் 8 மடங்கு ஸூமும் சட்டைப்பைக்குள் அடங்குகிறது என்றால், பெரும்பாலும் அது 1/2.3 அங்குலம் என்று குறிக்கப்படும் வகையாகத்தான் இருக்கும். பெயரில் அங்குலம் இருந்தாலும், உண்மையில் அது 6.2-க்கு 4.6 மில்லிமீட்டர் அளவுள்ள சிறு செவ்வகம். 2012-இல் வந்த சோனி ஆர்எக்ஸ்100 போன்றவற்றில் இருக்கும் '1 அங்குல' சென்சார் 13.2-க்கு 8.8 மில்லிமீட்டர். பரப்பளவில் ஏறக்குறைய நான்கு மடங்கு. தோப்பில் மரங்களை நெருக்கி நட்டால் ஒவ்வொரு மரத்துக்கும் கிடைக்கும் வெயில் குறையும் அல்லவா, அதே போலச் சிறிய சென்சாரில் புள்ளிகளை நெருக்கினால் ஒவ்வொன்றுக்கும் சேரும் ஒளி குறைகிறது. நல்ல பகல் வெளிச்சத்தில் இந்த வேறுபாடு கண்ணுக்குத் தெரியாது. வீட்டுக்குள், கோயில் மண்டபத்தில், அந்திக்குப் பிறகு தெரியும். உங்கள் அப்பா எடுப்பதோ வெட்டவெளியில், பகலில், அசையாமல் நிற்கும் கல்லை. சிறிய சென்சாருக்கு இதைவிட இணக்கமான வேலை கிடையாது.

ஆகவே படத்தின் தரம் இங்கே தடையில்லை. நீங்கள் சொன்ன மூன்று குறைகளில் எதை இந்தக் கேமரா தீர்க்கும் என்று பார்ப்பதுதான் முக்கியம். தொடுதிரைத் தொல்லை நிச்சயம் தீரும். அழுத்தினால் அமுங்கும் பொத்தான், விரலால் தள்ளும் ஸூம் நெம்புகோல், பாதி அழுத்தி ஃபோகஸ் பிடித்து முழுதும் அழுத்திப் படமெடுக்கும் முறை ஆகியவை பிலிம் கேமரா பழகிய தலைமுறைக்குக் கை தானாகச் செய்யும் வேலை. ஆனால் வெயிலில் திரை தெரியாத குறை தீராது. இந்த வகைக் கேமராக்களில் பெரும்பாலானவற்றுக்குக் கண்ணை வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டர் இல்லை. பின்புறத் திரையைப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும், அந்தத் திரையோ இன்றைய போன் திரையைவிடச் சிறியது, மங்கலானது. சித்திரை வெயிலில் தீர்த்தமலை அடிவாரத்தில் நின்றுகொண்டு அதைப் பார்த்தால் உங்கள் அப்பாவின் முகம்தான் அதில் தெரியும். உறவினரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுவே: வியூஃபைண்டர் இருக்கிறதா?

கை நடுக்கம் பாதி தீரும். லென்ஸ் அல்லது சென்சார் உள்ளே நகர்ந்து நடுக்கத்தை ஈடுசெய்யும் ஆப்டிகல் ஸ்டெபிலைசேஷன் இருந்தால் சிறு அதிர்வுகளைத் தாங்கும். 'டிஜிட்டல்' ஸ்டெபிலைசேஷன் மட்டும் இருந்தால், பெரும்பாலும் அது ஐஎஸ்ஓவை, அதாவது ஒளியை உணரும் திறனை, கூட்டி ஷட்டரை வேகப்படுத்தும் ஏற்பாடு, படத்தில் புள்ளி கூடும். வியூஃபைண்டர் இருந்தால் இங்கேயும் ஒரு நன்மை உண்டு. கேமராவை நெற்றியோடு சேர்த்துப் பிடிக்கும்போது முழங்கை உடலில் ஒட்டிக்கொள்ளும். திரையைப் பார்க்கக் கையை நீட்டினால் நடுக்கம் கூடும்.

இதற்கு ஒரு நல்ல வழி இருக்கிறது. பெரும்பாலான கேமராக்களின் அடியிலும் ஸ்டாண்டில் பூட்டுவதற்காகக் கால் அங்குல மரை இருக்கும். அப்பா கைத்தடி வைத்திருந்தால், அதன் தலையில் அந்த மரைக்குப் பொருந்தும் போல்ட்டை ஒரு லேத் பட்டறையில் பொருத்தச் சொல்லுங்கள். கேமராவுக்குள் போகும் பகுதி நான்கு மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது, தாண்டினால் அடிப்பகுதி விரிசல் விடலாம். நடக்கும்போது கைத்தடி, படமெடுக்கும்போது தாங்கி. பொத்தானை அமுக்கும் அசைவும் படத்தில் விழாமல் இருக்க, 2 விநாடி டைமரை வைக்கப் பழக்குங்கள். இந்த இரண்டையும் செய்துவிட்டால், நடுங்கும் கையாலும் கல்லெழுத்தைக் கூர்மையாக எடுக்கலாம். என் ஸ்டுடியோவுக்கு வந்த முதியவர்கள் பலருக்கு இதைச் செய்து கொடுத்திருக்கிறேன், பலன் கண்டிருக்கிறேன்.

இனி கல்லுக்கு வருகிறேன். கேமராவைவிட இதுவே முக்கியம் என்பதால் கொஞ்சம் நீட்டிச் சொல்ல அனுமதியுங்கள். நடுகல்லில் வெட்டிய எழுத்து ஆழமில்லாதது, பல நூற்றாண்டு மழையில் இன்னும் மழுங்கியது. அதை நாம் படிப்பது நிறத்தை வைத்து அல்ல, பள்ளத்தில் விழும் நிழலை வைத்து. சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருந்தால் நிழலே விழாது. எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய கேமராவும் அந்த நேரத்தில் வெறுங்கல்லைத்தான் காட்டும். ஒளி பக்கவாட்டிலிருந்து கல்லின் முகத்தை உரசிக்கொண்டு போக வேண்டும். வடக்கு அல்லது தெற்கு பார்த்த கல்லென்றால் காலை 7 மணி ஒளியோ மாலை 5 மணி ஒளியோ அதைச் செய்யும். கிழக்கு பார்த்த கல்லுக்குக் காலையில் ஒளி நேராக விழும் என்பதால் அது வீண். நண்பகலுக்குச் சற்று முன் போனால் வெயில் மேலிருந்து முகத்தை வழித்துக்கொண்டு இறங்கும், எழுத்துகள் எழுந்து நிற்கும். உச்சி வெயிலில் படமெடுக்கக் கூடாது என்று எல்லோரும் சொல்வார்கள். அது முகத்துக்குச் சரி, கிழக்கு பார்த்த கல்லுக்குப் பொருந்தாது.

மரநிழலில் இருக்கும் கல்லுக்கு ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியை உடன் கொண்டு போகட்டும். நீங்களோ பேரப்பிள்ளையோ வெயிலில் நின்று, கண்ணாடியால் ஒளியைத் திருப்பிக் கல்லின் ஓரத்திலிருந்து பாய்ச்சினால், ஒன்றுமே இல்லாததாகத் தோன்றிய இடத்தில், பழைய தமிழ் எழுத்து வடிவமான வட்டெழுத்து வரி வரியாகத் தெளியும். முதன்முறை அதைப் பார்த்தபோது எனக்கு மெய்சிலிர்த்தது. இருட்டிய பிறகு எல்இடி டார்ச்சை இடமிருந்து ஒரு படம், வலமிருந்து ஒரு படம், மேலிருந்து ஒரு படம் என்று பிடித்து எடுத்தாலும் நன்றாக வரும். ஒரு பக்கத்தில் மறையும் கோடு மறுபக்கத்தில் தெரியும். கேமராவில் உள்ள பிளாஷை மட்டும் அணைத்துவிட வேண்டும். அது லென்ஸுக்குப் பக்கத்திலிருந்து நேராக அடித்து எல்லா நிழலையும் அழித்துவிடும். நம் பக்கத்தில் பல நடுகற்கள் வேடியப்பன் என்ற சாமியாக வழிபாட்டில் இருக்கின்றன. எண்ணெய் பூசிப் பூசிக் கறுத்த அந்தக் கற்களில் பிளாஷ் பட்டால் வெள்ளைத் திட்டுதான் மிஞ்சும். அங்கெல்லாம் பூசாரியிடமோ ஊராரிடமோ கேட்டுவிட்டு எடுப்பதுதான் முறை. எழுத்து தெரிவதற்காகச் சாக்குக்கட்டியோ மாவோ தேய்க்க வேண்டாம், கம்பியால் சுரண்டவே கூடாது. கல் போனால் திரும்ப வராது.

நிற்கும் இடமும் முக்கியம். கல்லுக்கு முகத்தோடு முகம் போய் எடுத்தால் அகலக் கோணத்தில் ஓரங்கள் வளையும், மேற்பகுதி சிறுத்துத் தெரியும். இரண்டு மீட்டர் தள்ளி நின்று, ஸூமை இரண்டு மூன்று மடங்கு மட்டும் நகர்த்தி, கேமராவின் முதுகு கல்லின் முகத்துக்கு இணையாக இருக்கும்படி எடுக்கட்டும். எட்டு மடங்கு வரை இழுக்க வேண்டாம். இழுக்க இழுக்க லென்ஸுக்குள் வரும் ஒளி குறையும், நடுக்கம் பெரிதாகத் தெரியும். 'டிஜிட்டல் ஸூம்' என்பதை மெனுவில் நிரந்தரமாக அணைத்துவிடுங்கள். அது எடுத்த படத்தை வெட்டிப் பெரிதாக்குவது மட்டுமே. கறுத்த கல்லைக் கேமரா சாம்பலாக்கப் பார்க்கும், கூட்டல் கழித்தல் குறியுள்ள பொத்தானில் ஒரு படி இறக்கினால் சரியாகும். ஐஎஸ்ஓவை 100-லேயே நிறுத்திவிடுங்கள்.

உறவினரின் கேமராவைக் கையில் வாங்கியதும் செய்ய வேண்டிய சோதனைகளைச் சொல்கிறேன். அரை மணி நேரம் போதும். கேமராவை இயக்கி அணைத்துப் பத்துத் தடவை லென்ஸை வெளியே வரவழையுங்கள், ஸூமை முழுக்க இழுத்து விடுங்கள். நறநறவென்ற சத்தமோ, பாதியில் தயங்குவதோ இருந்தால் குழலுக்குள் மணல் புகுந்திருக்கிறது என்று அர்த்தம். இந்த வகைக் கேமராக்கள் சாவதற்கு முதற்காரணம் அந்த மணல்தான். 'லென்ஸ் எரர்' என்று ஒரு முறை வந்தாலும் வாங்காதீர்கள். அடுத்து, ஒரு நாளிதழை முழுதாக விரித்துச் சுவரில் ஒட்டி, நேராக நின்று எடுங்கள். நான்கு மூலைகளையும் கணினியில் பெரிதாக்கிப் பாருங்கள். நான்கும் சற்று மங்கினால் அது இயல்பு. மூன்று தெளிந்து ஒன்று மட்டும் கலங்கினால் லென்ஸ் இடம் பெயர்ந்திருக்கிறது, கீழே விழுந்த கேமராவாக இருக்கும். வெள்ளைச் சுவரை ஸூம் முழுக்க இழுத்து எடுத்தால் உள்ளே போன தூசி கறுப்புப் பொட்டாகத் தெரியும். லென்ஸைக் கையால் பொத்தி ஒரு படமெடுத்தால் கெட்டுப்போன புள்ளிகள் மின்னும். டார்ச் ஒளியில் லென்ஸுக்குள் பாருங்கள், சிலந்தி நூல் போல் வெண்மையாகப் படர்ந்திருந்தால் அது பூஞ்சை, பரவிக்கொண்டே போகும்.

பாட்டரி தானாக வழுக்கி வெளியே வர வேண்டும். இடுக்கிப் பிடித்து இழுக்க வேண்டியிருந்தால் அது உப்பிவிட்டது, அதைப் பயன்படுத்தவே கூடாது. அதே பாட்டரி இன்றும் கடையில் கிடைக்கிறதா என்று பணம் கொடுக்கும் முன் விசாரியுங்கள். மலிவான போலிகள் நிறைய. மெமரி கார்டிலும் ஒரு சிக்கல் உண்டு. மிகப் பழைய கேமராக்கள் 2 ஜிபிக்கு மேலான எஸ்டி கார்டை ஏற்காது, அதற்கு அடுத்த தலைமுறை 32 ஜிபி வரை ஏற்கும். இன்று கடையில் எளிதில் கிடைக்கும் 64 ஜிபி கார்டைப் போட்டுவிட்டு, கேமரா கெட்டுவிட்டது என்று என்னிடம் வந்தவர்கள் பலர். சில பழைய மாடல்களுக்கு எக்ஸ்டி, மெமரி ஸ்டிக் போன்ற தனி வகைக் கார்டு வேண்டும், அப்படியானால் விட்டுவிடுங்கள். பாட்டரியைக் கழற்றி ஒரு நிமிடம் கழித்துப் போடுங்கள். தேதி அழிந்திருந்தால் உள்ளே இருக்கும் துணை மின்சேமிப்பு செத்துவிட்டது, அப்பா ஒவ்வொரு முறையும் தேதி வைக்க வேண்டியிருக்கும். எது கெட்டாலும் வீட்டில் திறந்து பார்க்காதீர்கள். பிளாஷுக்கான மின்தேக்கியில் ஏறக்குறைய 300 வோல்ட் தேங்கி நிற்கும், பாட்டரியைக் கழற்றிய பிறகும் கை வைத்தால் அடிக்கும்.

இந்தக் கேமராவால் ஆகாத காரியங்களும் உண்டு. எருது விடும் விழாவில் ஓடிவரும் மாட்டை இதில் பிடிக்க முடியாது. பொத்தானை அமுக்கிப் படம் விழுவதற்குள் மாடு படத்தின் எல்லையைத் தாண்டிவிடும். கல்யாண மண்டபத்தில் பிளாஷ் மூன்று நான்கு மீட்டருக்கு மேல் எட்டாது, தூரம் இரண்டு மடங்கானால் ஒளி கால் பங்காகும். அங்கெல்லாம் பல படங்களை நொடியில் எடுத்து ஒன்றாகச் சேர்க்கும் உங்கள் போன்தான் மேல். ஒகேனக்கல்லுக்கு எடுத்துப் போனால் பரிசலில் மணிக்கட்டுக் கயிறு அவசியம், அருவிச் சாரல் படும் இடத்தில் லென்ஸை வெளியே நீட்டவே வேண்டாம்.

சிசிடி என்ற பழைய வகைச் சென்சார் உள்ள கேமராக்களில் நிறம் தனி அழகு என்று இப்போது இளைஞர்கள் தேடி வாங்குகிறார்கள், அதனால் விலையும் ஏறியிருக்கிறது. அந்த நிறத்துக்குச் சென்சார்தான் காரணம் என்பதை நான் ஏற்கவில்லை. அந்தக் காலத்து மென்பொருள் நிறத்தைக் கையாண்ட விதமும் நேரடிப் பிளாஷும் சேர்ந்து தருவதே அது என்பது என் கணிப்பு. எப்படியானாலும் கல்லெழுத்துக்கு அதனால் பயனில்லை, அதற்காக ஒரு ரூபாயும் கூடுதலாகத் தர வேண்டாம்.

முடிவாக என்ன செய்வது? முதலில் செலவில்லாத வழியைப் பாருங்கள். இருக்கும் போனை, ஒரு போன் பிடிப்பானோடு அந்தக் கைத்தடியில் பொருத்தி, ஒலி கூட்டும் பொத்தானால் படமெடுக்கப் பழக்குங்கள். பெரும்பாலான போன்களில் அது ஷட்டராக வேலை செய்யும். நடுக்கமும் தொடுதிரைத் தொல்லையும் அதிலேயே போய்விடலாம். வெயிலில் திரை தெரியாததுதான் பெரிய குறை என்றால், உறவினரின் கேமராவில் வியூஃபைண்டர் இல்லாத பட்சத்தில் அதை விட்டுவிட்டு, வியூஃபைண்டர் உள்ள ஒன்றைத் தேடுங்கள். 2013-இல் வந்த கேனான் பவர்ஷாட் ஜி16-இல் வியூஃபைண்டரும் ஆப்டிகல் ஸ்டெபிலைசேஷனும் இருக்கின்றன, சென்சாரும் சற்றுப் பெரியது. பவர்ஷாட் ஏ1200 சாதாரண ஏஏ பாட்டரியில் ஓடும், வியூஃபைண்டரும் உண்டு, ஆனால் ஆப்டிகல் ஸ்டெபிலைசேஷன் இல்லாததால் கைத்தடி கட்டாயம். சோனி ஆர்எக்ஸ்100 மார்க் 3-இல் மேலே எழும்பும் மின்னணு வியூஃபைண்டர் இருக்கிறது, பழையதாக வாங்கினாலும் விலை அதிகம். எதுவானாலும் பணம் கொடுக்கும் முன் இரண்டு நாள் அப்பாவிடம் கொடுங்கள். அவர் வழக்கமாகப் போகும் கல்லுக்கு, வழக்கமாகப் போகும் நேரத்தில் அதை எடுத்துப் போகட்டும். வந்ததும் படத்தைக் கணினியில் திறந்து, முதல் வரியை அவரையே படிக்கச் சொல்லுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். போன் படத்தோடு இடத்தையும் பதிந்து வைக்கும். பழைய கையடக்கக் கேமராக்களில் பெரும்பாலானவை அதைச் செய்யாது. நாற்பது கல் எடுத்த பிறகு எந்தக் கல் எந்த ஊர் என்று தெரியாமல் போனால் அவ்வளவு உழைப்பும் பயனற்றுப் போகும். ஆகவே ஊருக்குள் நுழையும்போது ஊர்ப் பெயர்ப்பலகையை முதலில் ஒரு படம், பிறகு கல் நிற்கும் சூழலைத் தூரத்திலிருந்து ஒரு படம், அதன் பிறகு அளவுக்கு ஒரு அடிக்கோலைப் பக்கத்தில் வைத்து முழுக் கல்லை ஒரு படம், கடைசியாக எழுத்தை நெருங்கி எடுக்கும் படங்கள் என்ற வரிசையை அவர் வழக்கமாக்கிக்கொள்ளட்டும்.